கடைசி வரிசை யாருக்கு?

கல்லூரியில் முதலாண்டு வகுப்புத் தொடங்கும் நாளன்று எந்த ஆசிரியரும் மாணவர்க்கு இடம் குறித்துக் கொடுப்பதில்லை. அவர்கள் தாமே சென்று அமர்கின்றனர். சில நிமிடங்களில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். முன்னால் சிலர், பின்னால் பலர், நடுவே இரண்டு வரிசைகள் வெறுமையாகக் கிடக்கும். பின்னால் சென்றவர்களை முன்னுக்கு அழைத்தால் எழுந்து வருவர். மறுநாள் மீண்டும் பழைய இடத்திலேயே இருப்பர். பல ஆண்டுகளாக இதனைக் கண்டுவரும் எனக்கு ஓர் எண்ணம் வலுப்பட்டிருக்கிறது. அந்தப் பதினெட்டு வயது இளைஞனுக்குக் கடைசி வரிசை கல்லூரியில் வாய்த்ததன்று; ஆறு வயதிலேயே ஒருவர் அவனை அங்கே அமர்த்தியிருக்கிறார். ஆகவே கல்லூரித் தமிழ்த்துறையின் மலரில் தொடக்கப்பள்ளியைப் பற்றி எழுதுவது பொருந்தாத செயலாகாது என நம்புகிறேன்.

மேலைநாட்டுத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் அண்மைக்காலமாக ஒரு முறை பரவியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகை மேசை நாற்காலி என்பதை விடுத்து, தரைவிரிப்பு, தாழ்ந்த மேசை, முக்காலி, நின்றபடி எழுதுவதற்கான உயர்ந்த மேசை எனப் பலவற்றையும் வகுப்பில் வைக்கின்றனர். எந்தப் பாடத்தை எங்கே எவ்வாறு அமர்ந்து படிப்பது என்பதைப் பெரும்பாலும் பிள்ளையிடமே விட்டுவிடுகின்றனர். நெகிழ்வான இருக்கைமுறை என்று இதனைத் தமிழில் வழங்கலாம். கூரை ஒழுகாத வகுப்பறையே பெரும்பேறாக இருக்கும் ஊரில் மெத்தை நாற்காலியா என்று நம் பெரியவர்கள் நகைக்கக்கூடும். அந்த நகைப்பில் நியாயம் உண்டு. வண்ண வண்ண இருக்கைகளை வாங்கி அடுக்கி, அவற்றின் படத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் அச்சிடும் வழக்கம் இங்கும் வந்தே தீரும். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வகுப்பில் யார் எங்கே அமர்வது, அதனை யார் முடிவு செய்வது என்னும் வினாவே ஈண்டு என் பொருள். அவ்வினாவுக்கு நம் மண்ணிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது.

நன்னூல் காட்டும் கணக்கு

தமிழ் மாணவர்க்கு நன்னூல் புதிதன்று. பவணந்தி முனிவர் தம் பாயிரத்தில் பாடங்கேட்கும் முறையை வகுக்கும்போது, ஆசிரியர் இருக்கச் சொன்னால் மாணாக்கன் இருக்க வேண்டும், சொல்லச் சொன்னால் சொல்ல வேண்டும் என்று விதிக்கிறார். இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கைகட்டி வாய்பொத்தி அமர்வதே தமிழ்க் கல்விமரபு என வாதிடுவோர் உளர். அவர்கள் அதே பாயிரத்தில் மேலும் சில அடிகள் படித்திருக்கலாம். அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாக மனங்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறையும். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலின் கணக்கு இது.

இக்கணக்கை இன்றைய வகுப்பறையோடு பொருத்திப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் கரும்பலகையை நோக்கி வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே தெரிவது முன்னிருப்பவனின் பிடரி. பக்கத்திலிருப்பவனோடு உசாவினால் மேசைமேல் பிரம்பு தட்டப்படும். எழுந்து சென்று இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க வழியே இல்லை. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் இடையில் கால் நுழையாது. நன்னூலார் சொன்ன நான்கில் ஒரு பங்குக்கு மட்டுமே கட்டப்பட்ட அறை இது. மற்ற மூன்று பங்கும் பள்ளி விட்ட பிறகு தெருவில் நடந்தால் உண்டு.

அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1899இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். பிள்ளைகள் வேலை செய்வதற்கேற்ற மேசைகளைத் தேடி அவர் கடை கடையாக அலைந்திருக்கிறார். விவரமறிந்த கடைக்காரர் ஒருவர், தாங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்யும் மேசை, எங்களிடம் இருப்பவையெல்லாம் பாடம் கேட்பதற்கானவை என்னும் பொருள்படச் சொல்லியனுப்பினாராம். அந்தக் கடைக்காரருக்கும் பவணந்தி முனிவருக்கும் இருந்த தெளிவு, பள்ளிக்கூடம் கட்டுகிற நமக்கு வாய்க்கவில்லை.

நம் வட்டாரத்துத் தொழில்களைப் பாருங்கள். கடையநல்லூரில் குழித்தறியில் நெய்தவர்கள் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, இடுப்பளவில் பாவு விரிய அமர்ந்தனர். மிதிபலகையை மிதிக்க அந்த அமர்வே வேண்டும். பீடி சுற்றும் நம் பெண்கள் சுவரில் முதுகு சாய்த்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, திண்ணையில் ஒருவரையொருவர் பார்க்கும்படி அமர்கின்றனர். கை தன்போக்கில் வேலை செய்ய, வாய் ஊர்க்கதை பேச, வேகத்தில் பின்தங்கிய புதியவளுக்குப் பக்கத்திலிருப்பவள் இலையை வெட்டிக் கொடுப்பாள். பத்தமடையில் பாய் நெய்வோர் பாவின்மேலேயே அமர்ந்து நகர்ந்து நகர்ந்து செல்வர். எந்தத் தொழிலிலும் அமர்வை வேலை தீர்மானிக்கிறது. அந்தப் பெண்களின் பிள்ளை பள்ளிக்குச் சென்றால் மட்டும், கதை கேட்கவும், கணக்குப் போடவும், படம் வரையவும், பாடவும் ஒரே பலகை, ஒரே திசை, ஒரே இடம்.

இலக்கியம் கற்ற பெரியவர்களும் வட்டமாகவே அமர்ந்தனர். இரசிகமணி டி.கே.சி. அவர்களின் திருநெல்வேலி வண்ணார்பேட்டை இல்லத்தில் இருந்த வட்டமான தொட்டியைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து கம்பனையும் பிறரையும் சுவைத்தனர். அமர்ந்த இடத்தின் பெயரே அவ்வமைப்புக்கு வட்டத்தொட்டி என்று வாய்த்தது. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது அந்த வட்டமும் குற்றாலத்துக்கு வந்தது. கல்கியும் இராஜாஜியும் வந்து கலந்துகொண்ட அக்கூட்டத்தில் ஒருவர் பாட, ஒருவர் மறுக்க, ஒருவர் வியக்க இலக்கியம் வளர்ந்தது. அதில் கடைசி வரிசை இருந்திருக்க முடியாது. வட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஓதும் பள்ளியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாயில் அரைவட்டமாகப் பிள்ளைகள், நடுவே உஸ்தாத். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பாடம். ஒருவன் அலிஃப் பாவில் இருப்பான், அவனுக்கு அடுத்தவன் யாசீன் சூராவை முடிக்கும் தறுவாயில் இருப்பான். எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஓதுவர். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஏதோ ஒரு மூலையில் ஒரு பிள்ளை நீட்டாமல் விட்ட எழுத்து உஸ்தாதின் காதில் விழும். பாடம் ஒப்பிக்க ஒவ்வொருவராக எழுந்து அவர் முன் வந்து அமர்வர். ஆகவே எல்லோருமே நாளில் ஒருமுறை முதல் வரிசைக்காரர். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு விரல்வைத்துக் காட்டும். (பிரம்பும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதனை நான் மரபுச் செல்வமாகப் போற்றப் போவதில்லை.) வகுப்பறை அமைதியாக இருந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று இன்று நம்பும் பெற்றோர், தாம் கற்ற முதல் கல்வி எவ்வளவு ஓசைக்கு நடுவே நடந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

பெஞ்சு வந்த வழி

திண்ணைப் பள்ளியின் மணலெழுத்தும் சட்டாம்பிள்ளை முறையும் கடல் கடந்து சென்ற செய்தி பலரும் அறிந்ததே. சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கப்பெற்ற படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் விடுதியின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரு பெல், நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியில் புகுத்தியதோடு, பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திக்காட்டினார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்றே அது இங்கிலாந்தில் பெயர் பெற்றது. பவணந்தியாரின் அரைப்பங்கு இங்கிலாந்துக்குப் போனது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் பெல்லின் முறையில் இன்னொன்றும் இருந்தது. அன்றன்று பாடம் சொல்லும் திறனுக்கேற்பப் பிள்ளைகள் வரிசையில் மேலும் கீழும் மாற்றி நிறுத்தப்பட்டனர். இடமே மதிப்பெண் ஆயிற்று. நம் பள்ளிகளில் முதல் ராங்க் பிள்ளைக்கு முதல் பெஞ்சு என்னும் வழக்கத்தை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர் உளர்.

அந்நிய ஆட்சிக்காலத்துப் பள்ளிகளின் வழியே பெஞ்சு வரிசை இங்கு நிலைபெற்றபோது, அதனோடு ஒரு பெருமையும் சேர்ந்து வந்தது. தரையில் அமர்வது ஏழ்மை. பலகையில் அமர்வது உயர்வு. துரை நாற்காலியில் இருந்தார், மனு கொடுக்க வந்தவர் தரையில் இருந்தார் என்னும் காட்சி நம் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. மரியா மாண்டிசோரி 1907இல் உரோமில் தொடங்கிய தம் குழந்தைகள் இல்லத்தில், ஆணியடித்து நிறுத்திய பெஞ்சுகளை விலக்கி, பிள்ளை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலிகளையும் பாய்விரிப்புகளையும் வைத்தார். 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தார். அப்படியிருந்தும் அவர் பெயரைத் தாங்கிய பலகைகள் தொங்கும் நம் மழலையர் பள்ளிகள் பலவற்றில் மூன்று வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணலாம். பெற்றோர்க்குப் பெஞ்சு வேண்டியிருக்கிறது. பள்ளி அதனைத் தருகிறது.

இந்தப் பெருமையுணர்ச்சியோடு நேருக்கு நேர் மோதியது தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் முறை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவிலிருந்து ஊக்கம் பெற்று, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கப்பெற்றது. அப்போது மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் அதன் முதன்மையான உந்துவிசை. 2007ஆம் ஆண்டையொட்டி அது மாநிலம் முழுவதும், ஏறத்தாழ 37,000 பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிந்தது. இவ்வளவு பெரிய அளவில் வகுப்பறையின் அமர்வு மாற்றப்பட்டது இந்தியக் கல்வி வரலாற்றில் அரிய நிகழ்ச்சி என்பேன்.

பெஞ்சுகள் வெளியேறின. பாய்கள் வந்தன. சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை தீட்டப்பட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளின் படைப்புகள் தலைக்குமேல் கம்பிப்பந்தலில் தொங்கின. கற்றல் ஏணியில் தான் எங்கே நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, தனக்குரிய அட்டையை எடுத்து, அந்த அட்டைக்குரிய குழுவில் போய் அமர்ந்தது. ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, உடன் பயில்வோர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் இடம் எனக் குழுக்கள் பிரிந்திருந்தன. ஆசிரியர் தரையில் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்தார். ஒரு பிள்ளை காலையில் இருந்த இடத்தில் நண்பகலில் இருப்பதில்லை. ஓதும் பள்ளியையும் வட்டத்தொட்டியையும் அறிந்த கண்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை.

எனினும் எதிர்ப்பு எழுந்தது. அட்டைகளை ஒழுங்கில் வைப்பதிலேயே பொழுது போகிறது, நான்கு வகுப்புப் பிள்ளைகளை ஓரறையில் வைத்துக்கொண்டு தனித்தனியே கவனிக்க இயலவில்லை என்று ஆசிரியர் பலர் சொன்னதில் உண்மை இருந்தது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் நிலை என்ன என்பதை மேலிருந்து ஆணையிடுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பெற்றோர் சொன்ன குறை வேறு. தனியார் பள்ளிப் பிள்ளை பெஞ்சில் இருக்க, நம் பிள்ளை மட்டும் தரையில் இருப்பதா என்பதே அக்குறை. பிள்ளை என்ன கற்றது என்று கேட்டவர்களை விட, எதில் உட்கார்ந்தது என்று கேட்டவர்கள் மிகுதி. பின்னாளில் அம்முறை எளிமைப்படுத்தப்பட்டு உருமாறியது. பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் குழுவாக்கியது. பாய் முழுவதும் சுருட்டப்பட்டுவிடவில்லை.

இடத்தில் ஒட்டியிருக்கும் இழிவு

பெற்றோரின் அந்தக் குறையை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. தரையில் அமர்த்தப்படுவதன் வலியை இந்நாட்டில் சிலர் தலைமுறை தலைமுறையாக அறிவர். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளி சென்றபோது, மற்ற மாணவரோடு அமர இயலாமல், ஒரு மூலையில் தனியே ஒரு கோணித்துண்டை விரித்து அமர்ந்தார். பள்ளியைத் துப்புரவு செய்பவர்கூட அதைத் தொட மாட்டார் என்பதால், மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. இச்செய்தியை அவரே எழுதிவைத்திருக்கிறார். பாயில் அமர்வது நம் மரபு என்று பெருமையாகப் பேசும் என் போன்றோர் இந்தக் கோணித்துண்டையும் உடன் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

இராமேசுவரத்து நிகழ்ச்சியொன்றை இம்மலரின் வாசகர்கள் படித்திருப்பீர்கள். ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் தொப்பியணிந்தபடி முதல் வரிசையில், பூணூலணிந்த தம் நண்பர் இராமநாத சாஸ்திரிக்குப் பக்கத்தில் அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அதனைப் பொறாமல், கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பர் அழுதார். செய்தியறிந்த அவருடைய தந்தை, கோயிலின் தலைமை அர்ச்சகரான லட்சுமண சாஸ்திரி, அந்த ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சுகளின் உள்ளத்தில் பிரிவினை நஞ்சைத் தூவலாகாது என்று கடிந்துகொண்டார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார். 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் கலாம் இதனை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஏவுகணைகளையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் கண்ட மனிதர் ஒரு பெஞ்சு மாற்றத்தை அறுபதாண்டுகளுக்கு அண்மையாக நினைவில் வைத்திருந்தார் என்றால், அந்த மாற்றம் சிறு செய்தியாகாது. ஒன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே அவ்விரு பிள்ளைகளும் தாமே விரும்பிச் சேர்ந்து அமர்ந்திருந்தனர். பிரித்தது பெரியவர்.

ஆனால் எப்போதும் அவ்வாறே நிகழ்வதில்லை. பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால் அவர்கள் தத்தம் தெருப் பிள்ளைகளோடுதான் அமர்வர். நம் மாவட்டங்களில் தெரு என்றால் சாதி என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் வகுப்புச் சிறுவர்களுக்கு ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் கொடுக்க மறுத்த காட்சியை நாடே பார்த்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படியே அமர்த்த வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரையாக இடம்பெற்றது. வகுப்பறை இருக்கையை ஒரு நீதியரசர் பரிந்துரைக்க வேண்டிய நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

அப்பரிந்துரையின் நோக்கத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். உயர்நிலைப் பள்ளியில், நஞ்சு ஏறிவிட்ட வகுப்பில், அது மருந்தாகலாம். தொடக்கப்பள்ளிக்கு அதனை அப்படியே கொண்டுவந்தால் சிக்கல் உண்டு. அகரத்தில் தொடங்கும் பெயருடைய பிள்ளை ஐந்தாண்டும் முன்னால்; யகர வகரத்தார் ஐந்தாண்டும் பின்னால். நம் நிர்வாகப் பள்ளிகளில் பாதி வகுப்பு அப்துல்லிலும் மறுபாதி முகம்மதிலும் அடங்கிவிடும். ஷாஜகானும் ஹமீதும் கிரந்த எழுத்தில் பிறந்த குற்றத்துக்காகச் சுவரோரம் இருக்க வேண்டியதுதான். வேடிக்கை கிடக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை எல்லாப் பிள்ளைகளோடும் தோள் உரச வேண்டும். ஒரே அண்டையனோடு கட்டிப்போடப்படலாகாது. ஆகவே நான் கொள்ளும் நிலை இது: எப்படி அமர்வது, எங்கே அமர்ந்தால் இந்த வேலை நடக்கும் என்பது பிள்ளையின் விருப்பம், யாரோடு அமர்வது என்பது ஆசிரியரின் பொறுப்பு, அதுவும் வாரந்தோறும் மாறிக்கொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு சாரார் முழு உரிமை என்கின்றனர், மறுசாரார் முழுக் கட்டுப்பாடு என்கின்றனர்.

அண்மையில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. நம் செங்கோட்டையைக் கடந்தால் வரும் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் இருப்பது வாளகம். 2024இல் வெளிவந்த ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்னும் மலையாளத் திரைப்படம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் மனக்குறையைப் பேசியது. அதன் தாக்கத்தால் 2025இல் வாளகத்துப் பள்ளி உள்ளிட்ட கேரளப் பள்ளிகள் சில, சுவரோரமாகப் பெஞ்சுகளை வளைத்துப் போட்டுக் கடைசி வரிசையை ஒழித்தன. 2025 ஜூலையில் நம் பள்ளிக் கல்வித்துறையும் ‘ப’ வடிவில் இருக்கைகளை அமைக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. உடனே பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்கும், கண் களைக்கும், நெரிசலான வகுப்பில் இடம் கொள்ளாது என்று எதிர்ப்புகள் கிளம்பின. இரு சாராரும் சொன்னவை உண்மையே. நாள் முழுவதும் கரும்பலகையைப் பார்க்க வேண்டிய பாடமுறையை வைத்துக்கொண்டு பெஞ்சை மட்டும் வளைத்தால் கழுத்துத்தான் வளையும். ஒருவரோடொருவர் பேசிக் கற்கும் பொழுதுக்கு ‘ப’ வடிவம் நன்று. எழுத்துப் பயிற்சிக்கு வரிசையே நன்று. இருக்கைமுறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் எழுதிய வன்னார்க்கா, ரூல் என்னும் இருவரும் ஏறத்தாழ இம்முடிவுக்கே வந்தனர். தனியே செய்யும் வேலைக்கு வரிசை உதவுகிறது, கூடிச் செய்யும் வேலைக்குக் குழு உதவுகிறது என்பது அவர்கள் கண்டது. குழித்தறிக்காரர் ஆய்வு செய்யாமலே அறிந்திருந்தது இது.

சாரல் காலத்து வகுப்பறை

நம் பகுதியில் பள்ளி திறக்கும் பொழுதும் சாரல் தொடங்கும் பொழுதும் ஒன்றே. ஆனி, ஆடி மாதங்களில் பொதிகை வீசும் காற்றில் குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மேற்குச் சன்னலோரம் இருக்கும் பிள்ளையின் நோட்டு நனைந்துவிடும். சிமெண்டுத் தரை ஈரங்கசியும். வெறும் பாயில் அமர்த்தினால் சளி பிடிக்கும். பங்குனியில் அதே சன்னலில் வெயில் சுடும். இந்த மண்ணின் வானிலையே பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் ஓரிடம் என்பதை ஏற்கவில்லை. ஜூன் மாதம் பெயர்ப்பதிவேட்டைப் பார்த்து இடம் குறித்த ஆசிரியர், ஏப்ரல் வரை அதைக் காப்பாற்றுவதில் என்ன சிறப்பு இருக்கிறது?

பிள்ளை தானே இடம் தேடும்போது ஆசிரியருக்குப் பல செய்திகள் கிடைக்கின்றன. எழுதும்போதெல்லாம் கரும்பலகையடிக்கு நகர்ந்து செல்லும் பிள்ளைக்குக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கலாம். ஒரு பக்கக் காதைத் திருப்பியே அமரும் பிள்ளைக்கும் காரணம் இருக்கும். இடக்கைப் பிள்ளை பெஞ்சின் இடது ஓரத்தையே நாடும்; நடுவில் அமர்த்தினால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு நாளெல்லாம் சண்டை. அமர்ந்து எழுத முடியாமல் முழந்தாளிட்டோ நின்றோ எழுதும் பிள்ளையை நாம் அடங்காதவன் என்கிறோம். சுவரோரம் ஓர் உயர்ந்த பலகை இருந்தால் அவனும் எழுதுவான். எப்போதும் மூலைக்கே போகும் பிள்ளை இருக்கிறதே, அதைத்தான் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டும். விருப்பம் என்று அதை அங்கேயே விட்டுவைப்பது கருணையாகாது. அதன் மூலையில் போய் ஆசிரியர் அமரலாம்; நான்கு நாளில் மூலை நடுவாகிவிடும்.

நம் சமுதாயப் பெரியவர்கள் பலர் ஜமாஅத்தின் சார்பிலும் அறக்கட்டளையின் சார்பிலும் மழலையர் பள்ளிகளையும் தொடக்கப்பள்ளிகளையும் நடத்திவருகின்றனர். அரசாணைக்குக் காத்திராமல் ஒரு வகுப்பறையில் மாற்றம் செய்துபார்க்க அவர்களால் இயலும். அவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில் மட்டும் தொடங்கலாம். இடத்தைத் தண்டனையாகவும் பரிசாகவும் பயன்படுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். கடைசி பெஞ்சுக்குப் போ என்னும் சொல் ஆசிரியர் வாயில் வரக்கூடாது. கட்டணம் கட்டாத பிள்ளை தனியே நிறுத்தப்படுவதும் இதில் அடங்கும் என்பதை நிர்வாகிகளுக்கு நினைவூட்டுகிறேன். பாயில் பிள்ளைகள் அமரும் நேரத்தில் ஆசிரியரும் பாயில் அமர வேண்டும். அவர் நாற்காலியில் இருந்தால் அந்தப் பாய் மீண்டும் கோணித்துண்டாகிவிடும். பார்க்க வரும் பெற்றோரையும் தலைவர்களையும்கூட அங்கேயே அமர்த்தலாம். காலை ஊன்றி அமர இயலாத பிள்ளைக்கு நாற்காலி வேண்டுமென்றால், அதே நாற்காலி இன்னும் இரண்டு அந்த வகுப்பில் இருக்கட்டும். அப்போது அது குறையின் அடையாளமாகத் தோன்றாது.

செலவு பற்றிய கேள்வி வரும். பத்தமடைப் பட்டுப்பாய் வேண்டியதில்லை, முரட்டுக் கோரைப்பாய் போதும். சாரல் மாதங்களில் பாயின் அடியில் இட மரப்பலகைகள் வேண்டும். ஏற்கனவே வாங்கிய பெஞ்சுகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். பாதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எழுத்துப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் அவை தேவை. மீதியில் நான்கைந்தின் கால்களைத் தச்சரிடம் கொடுத்து வேண்டிய அளவு அறுத்துவிட்டால் தரையில் அமர்ந்து எழுதும் தாழ்மேசை ஆகிவிடும். அறுத்த முனையை இழைத்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் பிள்ளைகளின் முழங்காலில் சிராய் ஏறும்.